தேம்ஸ் நதியின் அன்னங்கள்

அன்னம் என்ற பெயரைக் கேளாத தமிழர் இலர். நளனுக்காகத் தமயந்தியிடம் தூது சென்றது அன்னம். பாலையும் நீரையும் வேறு பிரிக்கும் என்று புலவர் புனைந்ததும் அன்னத்தையே. மங்கையர் நடைக்கு உவமையாய் நின்றதும் அதுவே. ஆயினும் வெண்ணிற இறகும் நீண்டு வளைந்த கழுத்தும் உடையதாக இன்று நம் ஓவியர் தீட்டும் அந்தப் பறவை இலங்கைக் குளங்களிலேனும் தமிழகத்து ஏரிகளிலேனும் இயல்பாக வாழ்வதன்று. பழம் புலவர் அன்னமென்றது எந்தப் பறவையை என்பதுபற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அந்த வழக்கு ஒருபுறம் இருக்க, படத்திற் கண்ட அன்னத்தை நீரிற் காண விரும்புவோர் குளிர்நாடு ஒன்றை நாடிச் செல்லல் வேண்டும். அவ்வாறு சென்றால் அப்பறவையைப் பெருமையோடு தாங்கிவரும் ஆறுகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது இங்கிலாந்தின் தேம்ஸ் நதியாகும்.

தேம்ஸ் பெரிய ஆறன்று. நீளத்தால் நம் மகாவலி கங்கையை ஏறத்தாழ ஒத்தது. ஒக்ஸ்போட், வின்சர், இலண்டன் ஆகிய நகரங்களைத் தொட்டுக்கொண்டு மெல்ல ஓடி வடகடலிற் கலக்கின்றது. அதன் நாணற் கரைகளிலே கூடுகட்டி வாழும் அன்னத்திற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ஊமை அன்னம் என்பதாகும். உண்மையில் அது முற்றும் ஊமையன்று. சினங்கொண்டாற் பாம்புபோற் சீறும்; பறக்கும்போது அதன் சிறகோசை நெடுந்தொலைவு கேட்கும். ஆண் பறவை பத்துப் பன்னிரண்டு கிலோகிராம் நிறையுடையது. பறக்கவல்ல பறவைகளுள் மிகப் பாரமானவற்றில் அதுவும் ஒன்று. அதன் சிறகடி மனிதன் கையை முறித்துவிடும் என்று ஆற்றங்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். அன்னங்களோடு பழகியவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு.

இந்தப் பறவையின் வரலாறு, அரசரின் சமையற்கூடத்திலே தொடங்குகின்றது. இடைக்கால இங்கிலாந்திலே அன்னம் பேணப்பட்டது அதன் அழகுக்காக அன்று, அதன் இறைச்சிக்காகவே. பெருவிருந்து என்றால் அன்னம் வேண்டும். 1251 இல் மூன்றாம் ஹென்றி மன்னன் யோர்க் நகரிலே நத்தார் விருந்து நடத்தியபோது 125 அன்னங்களுக்குக் கட்டளை பிறந்தது என்பது அரண்மனைக் கணக்குகளால் அறியப்படுகின்றது. இத்துணை மதிப்புள்ள பண்டத்தை எவரும் பிடித்துக்கொள்ள விட்டுவிடுவாரா? 12 ஆம் நூற்றாண்டு முதலாகவே திறந்த நீர்நிலைகளில் உலவும் உடையவரற்ற அன்னங்கள் யாவும் முடிக்குரியவை என்ற கொள்கை நிலைபெறத் தொடங்கியது. மன்னன் விரும்பினால் அவ்வுரிமையிற் பங்கைப் பிரபுக்களுக்கும் மடாலயங்களுக்கும் வணிகர் குழாங்களுக்கும் வழங்கலாம். வழங்கப்பெற்றவர் தத்தம் பறவைகளின் அலகிலே கத்தியாற் சிறு வெட்டுகள் இட்டு அடையாளம் செய்துகொள்வர். நம் நாட்டிலே மாட்டுக்குக் குறிசுடுவது போன்றதே இது.

1482 இல் நான்காம் எட்வேட் மன்னன் காலத்திலே ஒரு சட்டம் பிறந்தது. ஆண்டுக்கு ஐந்து மார்க் வருமானம் தரும் சொந்த நிலம் இல்லாதவன் அன்னக் குறி வைத்திருத்தல் ஆகாது என்பது அச்சட்டம். மார்க் என்பது அந்நாளைய பணக்கணக்கு; ஐந்து மார்க் மூன்று பவுணுக்குச் சற்று மேற்பட்டது. ஏழைக் குடியானவர்கள் அன்னம் வளர்க்கிறோம் என்ற பெயரில் அரசரின் குஞ்சுகளைத் திருடுகின்றனர் என்று குறைகூறியே இச்சட்டம் ஆக்கப்பட்டது. ஆற்றங்கரையிலே குடியிருந்து, நாள்தோறும் அப்பறவையைக் கண்ணாரக் கண்டவனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை; தொலைவிலே மாளிகையில் இருந்தவனுக்கே உரிமை. இந்த நிலையை நேயர்கள் மனத்திற்கொள்ளல் வேண்டும். ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளின்பின் அது எவ்வாறு தலைகீழாயிற்று என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

குறிகள் பெருகப் பெருக அவற்றை வரைந்து வைக்கத் தோற்சுருள்கள் எழுந்தன. வழக்குகளைத் தீர்க்க அன்னங்களுக்கெனத் தனி மன்றங்களும் கூடின. 1592 இல் நடந்த புகழ்பெற்ற அன்ன வழக்கு ஒன்றை எட்வேட் கோக் என்னும் சட்ட அறிஞர் பதிவுசெய்துள்ளார். ஒருவருடைய ஆண் அன்னமும் மற்றொருவருடைய பெண் அன்னமும் கூடி ஈன்ற குஞ்சுகள் யாருக்கு உரியன? பசுவுக்கும் ஏனைய விலங்குகளுக்கும் தாயை உடையவனுக்கே கன்று என்பது விதி. அன்னத்திற்கு மட்டும் அவ்வாறன்று. குஞ்சுகளை இருவரும் சரிபாதியாகப் பகிர்தல் வேண்டும். ஏனெனில் ஆண் அன்னம் ஒரு துணையோடு மட்டுமே வாழ்ந்து, கூட்டைக் காத்துக் குஞ்சுகளையும் பேணுவது. கணவனுக்குரிய கடமையைச் செய்பவனுக்குத் தந்தையின் பங்கும் உண்டு என்ற இந்த நியாயத்திலே சட்டம் இலக்கியத்தை நெருங்கிவிடுகின்றது.

காலம் மாறியது. புதிய உலகத்திலிருந்து வான்கோழி வந்து சேர்ந்தது. வளர்க்க எளிதாகவும் உண்ணச் சுவையாகவும் இருந்த அப்பறவையின்முன் அன்னத்தின் இறைச்சி மதிப்பிழந்தது. குறி வைத்திருந்த பிரபுக்கள் ஒருவர்பின் ஒருவராய் அதனைக் கைவிட்டனர். தேம்ஸ் நதியிலே முடிவில் எஞ்சியவர் மூவர்: முடியரசு, வின்ட்னர்ஸ் எனப்படும் திராட்சைமது வணிகர் குழாம், டையர்ஸ் எனப்படும் சாயந்தோய்ப்போர் குழாம். இவ்விரு குழாங்களும் 15 ஆம் நூற்றாண்டிலே உரிமை பெற்றவை. சாயக்காரர் அலகிலே ஒரு வெட்டும், மது வணிகர் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெட்டும் இடுவர். இதனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. இரண்டு வெட்டுடைய அன்னம் என்பது தவறணைகளின் பெயர்ப்பலகையிலே ஏறியபோது, ஆங்கிலத்தில் வெட்டுக்கும் கழுத்துக்கும் உரிய சொற்கள் ஒலியால் நெருங்கியிருந்தமையால், இரண்டு கழுத்துடைய அன்னமாகிவிட்டது. பலகை எழுதிய ஓவியனும் அவ்வாறே இருதலை அன்னத்தைத் தீட்டி வைத்தான்.

ஆண்டுதோறும் யூலை மாதத்தின் மூன்றாம் வாரத்திலே இம்மூன்று உரிமையாளரின் ஆட்களும் படகுகளில் ஏறி ஆற்றை எதிர்த்துச் செல்வர். இதற்கு அன்னம் தூக்கல் என்று பெயர். அக்காலத்திலே குஞ்சுகளுக்குப் பறக்கும் பருவம் வந்திராது. பெற்ற பறவைகளும் சிறகிறகை உதிர்த்துப் பறக்கவியலாது நீரிலேயே கிடக்கும். பிடிப்பதற்கு உகந்த காலம் அதுவே. செந்நிறம், நீலம், வெள்ளை எனச் சட்டையணிந்த துடுப்புக்காரர், குஞ்சுகளோடு செல்லும் அன்னக் குடும்பம் ஒன்றைக் கண்டதும் குரலெழுப்பிப் படகுகளை வளையமாகச் சேர்ப்பர். வளையம் குறுகக் குறுக அன்னங்கள் நடுவே அகப்படும். ஒவ்வொன்றாகத் தூக்கி, மெல்லிய கயிற்றாற் கட்டி, தாய்தந்தையரின் குறியைப் பார்த்து, குஞ்சுகளுக்கும் அதே குறியை இடுவர். வின்சர் கோட்டை கண்ணிற்படும்போது படகுகளில் எழுந்து நின்று, அன்னங்களின் தலைவர் என்று மன்னரை விளித்து வாழ்த்துக் கூறுவதும் மரபு. ஸ்ரான்லி ஸ்பென்சர் என்னும் ஓவியர் தம் ஊராகிய குக்கத்திலே இவ்வன்னங்களைக் கரைசேர்த்துச் சுமந்து செல்லும் காட்சியை 1915 இல் தீட்டத் தொடங்கினார். இடையே முதலாம் உலகப்போருக்குச் சென்று, உயிரோடு மீண்டபின், 1919 இலேதான் அப்படத்தை முடித்தார்.

இங்ஙனம் 20 ஆம் நூற்றாண்டு வந்தபோது அன்னத்தை உண்பார் இல்லை. உரிமை மட்டும் சடங்காக நின்றது. மறுபுறத்தில் ஆற்றங்கரை மக்களுக்கும் அன்னத்திற்கும் வேறொரு உறவு வளர்ந்திருந்தது. மாலை வேளைகளிலே முதியோரும் சிறுவரும் பாண் துண்டுகளோடு கரைக்கு வருவர். இன்ன வளைவிலே இன்ன சோடி கூடு கட்டியிருக்கின்றது, இவ்வாண்டு இத்தனை குஞ்சு என்று அவர்கள் அறிவர். இவர்களுக்குத் தோற்சுருளிலே குறியில்லை, பட்டயம் இல்லை, பழக்கம் ஒன்றே இருந்தது. அன்னங்கள் இறக்கத் தொடங்கியபோது முதலில் அதை உணர்ந்தவர்களும் இவர்களே.

1950 களின் நடுவிலே தேம்ஸ் நதியில் அன்னம் தூக்குவோர் எண்ணிய பறவைகள் ஆயிரத்தைத் தாண்டின. அடுத்த முப்பது ஆண்டுகளிலே அந்த எண் ஆண்டுக்காண்டு தேய்ந்து, 1980 களின் நடுவில் முன்னிருந்ததன் ஒரு சிறு பங்காகச் சுருங்கிற்று. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ராற்போட் நகரத்து அவன் ஆற்றிலும் 1970 களிலே இதே அழிவு நேர்ந்தது. வெளிக்காயம் ஒன்றும் இல்லாமலே பறவைகள் மெலிந்து இறந்தன. இறக்குமுன் அவற்றின் தோற்றம் காண்போர் மனத்தை வருத்தியது. நிமிர்ந்து நிற்கவேண்டிய கழுத்து அடியிலே மடிந்து முதுகின்மேற் சாய்ந்துவிடும். கரையேறக் காலில் வலுவிராது. இரையை விழுங்கும், ஆயினும் உடல் தேயும். இறந்தபின் அறுத்துப் பார்த்தால் கழுத்துக் குழாய் நிறையப் புல்லும் பாசியும் அடைத்துக் கிடக்கும். உணவு நிறைந்த கழுத்தோடு அன்னம் பட்டினியால் மாண்டிருக்கும்.

காரணம் கைவிரல் நகத்திலும் சிறியதொரு பொருள். தூண்டிற்காரர் தங்கூசியை நீரில் அமிழ்த்துவதற்காக அதிலே ஈயமணிகளைக் கௌவுவித்துத் தொங்கவிடுவர். மணியின் பிளவிலே நூலை வைத்துப் பல்லாற் கடித்து நெரிப்பது வழக்கம். இவை எளிதில் நழுவி விழும். மிஞ்சியவற்றைக் கரையிலே எறிந்து செல்வாரும் உளர். ஈயமணி பல காலமாக வழக்கில் இருந்ததே. ஆயினும் போருக்குப்பின் தூண்டில் மீன்பிடித்தல் பெருந்தொகையான உழைப்பாளி மக்களின் ஓய்வுநாட் பொழுதுபோக்காகப் பெருகியது. உக்கிப்போகும் பழைய நூலுக்குப் பதிலாக உக்காத நைலோன் தங்கூசியும் வந்தது. ஆற்றின் அடியிலே ஈயம் ஆண்டுதோறும் படிந்தது.

அன்னத்திற்குப் பல் இல்லை. உண்ட புல்லை அரைப்பதற்கு அது ஆற்றடியிலிருந்து சிறுகற்களைத் தேடி விழுங்கும். தசை திரண்ட இரைப்பையிலே அக்கற்கள் அம்மியும் குழவியும்போல் நின்று உணவை அரைக்கும். கல்லென்று எண்ணி ஈயமணியையும் அது விழுங்கிவிட்டது. அம்மியிலே அகப்பட்ட ஈயம் நாளுக்குநாள் தேய்ந்து இரத்தத்திற் கலந்தது. நரம்பும் தசையும் செயலிழந்தன. இரைப்பை அரைப்பதை நிறுத்திவிட்டமையாலே, மேலே விழுங்கிய உணவு கழுத்திலேயே தங்கியது.

இவ்வுண்மையை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியவர்களுள் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் எட்வேட் கிறே நிறுவகத்தைச் சேர்ந்த கிறிஸ்ரோபர் பெரின்ஸ், மைக் பேர்க்கெட் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். தேம்ஸ் நதியிலே இறந்துகிடந்த அன்னங்களைச் சேர்த்து அறுத்து ஆராய்ந்தபோது, அவற்றிற் பாதிக்கும் மேற்பட்டவை ஈயத்தால் மாண்டமை தெரிந்தது. 1981 இல் இயற்கைப் பேணல் சபை அரசாங்கத்திற்கு அளித்த அறிக்கை, ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 அன்னங்கள் இங்கிலாந்திலே இவ்வாறு இறக்கின்றன என்று மதிப்பிட்டது. இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. பறவை குறைந்து வருகின்றது என்று சொன்னால், எப்பொழுது எத்தனை இருந்தது என்று கேட்பார்கள் அல்லவா? அதற்கு விடைகூற உதவியது, இறைச்சிக்கும் உரிமைக்குமாகத் தோன்றிய பழைய அன்னம் தூக்கலின் கணக்கேயாகும். வேடிக்கைச் சடங்கென்று பலர் நகைத்த ஒன்று, சாட்சியாக வந்து நின்றது.

ஆயினும் அறிக்கைகள் அச்சேறும்வரை அன்னங்கள் காத்திருக்கவில்லை. நோயுற்ற பறவை இன்றைக்கே கரையிலே கிடந்தது. அதனை எடுத்துச் செல்வது யார் கடன்? உரிமை கூறிய முடியரசுக்கு ஆற்றிலே இருந்தவர் அன்னக் காப்பாளர் ஒருவரே. குக்கத்தைச் சேர்ந்த அவர், ஜோன் ரேர்க் என்பவர், தம்மால் இயன்றதைச் செய்தார். ஒரு மனிதரால் இத்தனை மைல் ஆற்றைக் காத்தல் கூடுமா? இவ்விடத்திலேதான் பாண் துண்டோடு கரைக்கு வந்த மக்கள் வரலாற்றினுள் நுழைகின்றனர்.

எகம் என்னும் ஊரிலே டொறத்தி பீசன் என்ற பெண்மணி தம் வீட்டு வளவிலே நோயுற்ற அன்னங்களை வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார். ஒன்று இரண்டாக வந்த பறவைகள் பத்தாகவும் நூறாகவும் பெருகின. வீட்டு வளவிலே தோன்றிய அப்பணி பின்னர் அன்னச் சரணாலயம் என்ற அமைப்பாக வளர்ந்து ஷெப்பர்ட்டன் என்னும் ஆற்றங்கரை ஊருக்கு இடம்பெயர்ந்தது. ஈற்றன் நகரருகே குக்கூ வியர் என்னும் தீவிலே வேறு தொண்டர்கள் கூடி மற்றோர் அன்ன மருத்துவ நிலையத்தை நிறுவினர். இவர்களுக்குச் சம்பளம் இல்லை. பகலிலே தத்தம் தொழிலைச் செய்து, மாலையிலும் விடுமுறையிலும் இத்தொண்டைச் செய்தவர் பலர். மருந்துக்கும் தீனிக்கும் வாகன எண்ணெய்க்கும் வேண்டிய பணம் உண்டியலிலும் நன்கொடையிலும் இருந்தே வந்தது.

தொண்டின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் தகும். நள்ளிரவிலே தொலைபேசி மணி ஒலிக்கும். இன்ன பாலத்தடியிலே அன்னம் ஒன்று தலைசாய்ந்து கிடக்கின்றது என்று யாரோ கூறுவர். வலையும் கொக்கித் தடியும் எடுத்துக்கொண்டு, சேற்றிலிறங்கி, அதைப் பிடித்தல் வேண்டும். அன்னத்தைப் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு: இரு சிறகையும் உடலோடு அணைத்து, பறவையைக் கையிடுக்கில் ஏந்தி, கழுத்தை அதன் போக்கிலே விட்டுவிடுதல். சிறகு அடங்கினால் அன்னமும் அடங்கும். பின்னர் துணிப்பையிலே பொதிந்து, தலையை வெளியே விட்டு, வாகனத்திலே கிடத்துவர். நிலையத்திலே இரத்தம் எடுத்துச் சோதித்து, கதிர்ப்படம் பிடித்து, இரைப்பையிலே ஈயம் தெரிந்தால் வெதுவெதுப்பான நீரைக் குழாயாற் செலுத்திக் கழுவி எடுப்பர். இரத்தத்திலே கலந்த ஈயத்தைப் பற்றி வெளியேற்றும் ஊசிமருந்து ஒன்று உண்டு. அதனை நாள்தோறும் ஏற்றுதல் வேண்டும். கழுத்து நிமிர்வதற்குப் பல வாரங்கள் செல்லும். நிமிராமலே மாண்டவை மிகப் பல.

தூண்டில்முள் நாவிலே தைத்த பறவைகள், தங்கூசி காலிலே சுற்றி அழுகியவை, எண்ணெயிலே தோய்ந்தவை, மின்கம்பியில் மோதியவை, நாய் கடித்தவை என வேறு நோயாளிகளும் வந்தனர். மழைநாளிலே நனைந்து பளபளக்கும் நெடுஞ்சாலையை ஆறென்று எண்ணி இறங்கி அடிபடும் அன்னங்களும் உண்டு. நிலத்திலிருந்து எளிதாக எழும்பிப் பறக்கவியலாத அக்கனத்த பறவை வாகனங்களின் நடுவே திகைத்து நிற்கும். குணமான பறவையைத் திரும்ப விடுவதிலும் அவதானம் வேண்டும். சோடியாய் வாழ்ந்ததாயின், பிடித்த அதே இடத்திலே, காலந்தாழ்த்தாது விடுதல் வேண்டும். தாழ்த்தினால் வேறொரு சோடி வந்து அந்த நீர்ப்பரப்பைக் கைப்பற்றிக்கொள்ளும். சோடி சேராத இளம் பறவையைக் கூட்டத்தோடு விட்டால் போதும். இவையெல்லாம் எந்தப் பட்டயத்திலும் எழுதப்பட்டவை அல்ல. சேற்றிலே நின்று கற்றவை.

தொண்டர் எத்தனை பறவையைக் கழுவினாலும் ஈயம் விழுவது நிற்கவில்லை. ஆகவே வழக்கு மன்றத்திற்கு, அதாவது பொதுமக்கள் மன்றத்திற்கு, வந்தது. தூண்டிற்காரருக்கும் அன்னம் பேணுவோருக்கும் இடையே கசப்பு மூண்டது. தூண்டிற்காரர் அனைவரையும் கொடியவராகக் காட்டுதல் நியாயமன்று. அவர்களுட் பெரும்பாலோர் ஆற்றை நேசித்தவரே. தாம் தவறவிட்ட ஒரு சிறு மணி இவ்வளவு கேட்டை விளைக்கும் என்று அறிந்திலர். அறிந்தபின்னும் பழக்கத்தை விட மறுத்தவர் இருந்தனர் என்பதும் உண்மையே. அரசாங்கம் முதலில் வேண்டுகோளை நம்பியது. தாமாகவே ஈயத்தைக் கைவிடுமாறு தூண்டிற்காரர் சங்கங்கள் வழியாகக் கேட்டுக்கொள்ளப்பட்டது. பயன் போதவில்லை. 1983 இல் சுற்றாடல் மாசுபற்றிய அரச ஆணைக்குழு, ஈயமணிகளை வழக்கிலிருந்து நீக்குதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதற்கிடையே கழுத்து முறிந்தாற்போற் கிடக்கும் அன்னத்தைத் தொண்டர் மடியில் ஏந்திய படங்கள் பத்திரிகைகளிலே வந்தவண்ணம் இருந்தன. ஆணைக்குழுவின் அறிக்கையைப் படியாதவரும் அப்படங்களைப் பார்த்தனர்.

1987 யனவரி முதலாந் திகதி தொடக்கம், 0.06 கிராமுக்கு மேற்பட்டு 28.35 கிராம் வரையிலான ஈயமணிகளைத் தூண்டிலுக்கென விற்பது தடைசெய்யப்பட்டது. டங்ஸ்டன் முதலிய வேறு பொருள்களால் ஆன மணிகள் கடைகளில் வந்தன. மீன்கள் அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. மிகச் சிறிய துகள்மணியும் மிகப் பெரிய கட்டியும் தடைக்கு வெளியே நின்றன. ஆற்றடியிலே முன்னர் படிந்த ஈயமும் அங்கேயே கிடந்தது. ஆதலால் நச்சு முற்றாக ஒழிந்துவிடவில்லை. எனினும் பயன் விரைவிலே தெரிந்தது. நிலையங்களுக்கு ஈயநோயோடு வந்த பறவைகள் குறைந்தன. 1983 இல் பிரித்தானியாவிலே 19,000 அளவிலிருந்த ஊமை அன்னங்கள் 1990 இல் 25,000 க்கு மேற்பட்டன. தேம்ஸ் நதியிலும் வெறுமையாய்க் கிடந்த வளைவுகளிலே மீண்டும் கூடுகள் தோன்றின. ஈரநிலங்களின்மேல் வேட்டைத் துப்பாக்கியால் ஈயக்குண்டு சுடுவது 1999 இல் இங்கிலாந்திலே தடைசெய்யப்பட்டது.

பழைய சடங்கும் தன் இயல்பை மாற்றிக்கொண்டது. 1993 இல் அன்னக் காப்பாளர் பதவி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அன்னக் குறியாளராக டேவிட் பாபர் என்பவரும், அன்ன நலன் நோக்கும் அறிவியலாளராக முன்னர் ஈயநோயை ஆராய்ந்த அதே பேராசிரியர் பெரின்சும் நியமனம் பெற்றனர். அலகை வெட்டும் வழக்கம் 1990 களிலே கைவிடப்பட்டது. இப்போது இரு குழாங்களின் பறவைகளுக்கும் காலிலே வளையம் இடப்படுகின்றது. முடிக்குரியவை குறியின்றி விடப்படுகின்றன. சன்பரியிலிருந்து அபிங்டன் வரை 79 மைல் தூரத்தை ஐந்து நாளிலே கடக்கும் படகுகள் இன்று செய்வது உரிமை நாட்டல் அன்று. நிறுத்தல், அளத்தல், முள்ளும் தங்கூசியும் சிக்கியுள்ளனவா என்று பார்த்தல். 2009 இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் நேரில் வந்து இதனைக் கண்டார். 2020 இல் கொரோனாத் தொற்றுக் காரணமாகப் படகுகள் புறப்படவில்லை.

தொண்டருக்கு ஓய்வு கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. பாணைக் குறித்தும் ஒரு சர்ச்சை எழுந்தது. அன்னத்திற்குப் பாண் இடுவது தீங்கு என்ற பிரசாரம் பரவவே, மக்கள் தீனியிடுவதையே விட்டுவிட்டனர். பறவைகள் மெலிவதாகக் கரையோரத்தில் முறைப்பாடு எழுந்தது. 2018 இல் பேராசிரியர் பெரின்ஸ், பூஞ்சணம் பிடியாத பாணை இடுவதால் அன்னத்திற்குக் கேடில்லை என்று அறிவிக்க நேர்ந்தது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் புத்திமதியும் சிலவேளை ஆராய்ந்து சொல்லப்படுதல் வேண்டும் போலும்.

அதனினும் பெரிய இடர் பறவைக் காய்ச்சல். 2022 இன் தொடக்கத்திலே அந்நோய் வின்சர்ப் பகுதி அன்னங்களைத் தாக்கியது. நோய்கண்ட கூட்டத்திலே எஞ்சிய பறவைகளையும் கொல்லவேண்டி வந்தது. தொண்டருக்கு இது கொடிய சோதனை. வழக்கம்போல் நோயுற்ற ஒன்றைத் தூக்கிவந்தால், நிலையத்திலே குணமாகிக்கொண்டிருக்கும் பறவைகள் அத்தனையும் அழிய நேரலாம். தூக்காமல் விட்டாலோ அது கண்முன்னே மாளும். அவ்வாண்டு அன்னம் தூக்குவோர் எண்ணிய குஞ்சுகள் 155. 2023 இல் அவை 94 ஆயின. 2024 இல் 86. நோயோடு, கவண் எறிந்தும் துப்பாக்கியாற் சுட்டும் விளையாடுவோரும், அவிழ்த்துவிடப்பட்ட நாய்களும் இக்குறைவுக்குக் காரணமெனக் கூறப்பட்டது.

யூலை மாதத்திலே படகுகள் தங்கும் துறைகளுக்கு அயலூர்ப் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துவருவது இப்போது வழக்கமாகியுள்ளது. சாம்பல்நிறக் குஞ்சு ஒன்றைத் துடுப்புக்காரர் கையில் ஏந்திக் காட்டுவர். அதன் நிறை என்ன, வயது என்ன, காலிலே ஏன் வளையம் என்று பிள்ளைகள் கேட்பர். மீன்முள் தைத்த தழும்பு ஏதேனும் தாய்ப்பறவையில் இருந்தால் அதனையும் அவர்களுக்குக் காட்டுவர். காயம் ஆழமானால் அப்பறவை தொண்டர் நிலையத்திற்குச் செல்லும். மற்றையவற்றின் கட்டுகளை அவிழ்த்து, தாயும் தந்தையும் குஞ்சுகளும் ஒருங்கே இருக்குமாறு நீரிலே விடுவர். அவை சிறிது தூரம் விரைந்து சென்று, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, நாணலோரமாய்த் திரும்பும். படகுகள் அடுத்த வளைவை நோக்கிச் செல்லும்.